கேள்வி கேட்டவர் இன்னும் இணைப்பில் இருக்கிறார்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘ஊர்ப் பிரச்சினையைப் பேசித் தீர்க்க ஏற்ற இடம் பொது வானொலியா, சமூக ஊடகமா?’ என்ற தலைப்பில் லாப நோக்கமின்றி மக்களுக்காக நடத்தப்படும் பொது வானொலியின் பக்கம் நின்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் கேட்டார்: “ஒரு மணி நேர நிகழ்ச்சியில் பத்துப் பேர் பேச முடியுமா? எங்களிடம் ஆயிரம் பேர் பேசுகிறார்கள்.” பேசட்டும் ஐயா. அந்த ஆயிரம் பேருக்கும் பதில் சொல்பவர் யார்?

நியூயார்க்கின் டபிள்யூ.என்.ஒய்.சி. பொது வானொலியை எடுத்துக்கொள்ளுங்கள். மேயராக இருந்தபோது பில் டி பிளாசியோ பல ஆண்டுகள் வெள்ளிக்கிழமைதோறும் அதன் தொகுப்பாளர் பிரையன் லேரரின் நிகழ்ச்சிக்கு வந்து, நேயர்களின் கேள்விகளுக்கு நேரலையில் பதில் சொன்னார். வீட்டு வாடகையோ, பள்ளிக்கூடமோ, தெருவில் நிற்கும் லாரியோ, குடிமகன் கேட்கிறார். மேயர் சொல்லியாக வேண்டும். கையில் விடை இல்லையென்றால், ‘உங்கள் எண்ணை நிலையத்தாரிடம் கொடுங்கள், என் அலுவலர்கள் அழைப்பார்கள்’ என்பார். ஊரே கேட்டுக்கொண்டிருக்கும்போது கொடுத்த வாக்கு அது! மழுப்பினால் எதிரே தொகுப்பாளர் இருக்கிறார், அதே கேள்வியை மறுபடியும் போடுவதற்கு. உங்கள் ஊடகத்திலோ அதே மேயர் பதிவைப் பார்க்காமலே போகலாம்; பின்னூட்டங்களை மூடிவிட்டும் போகலாம்.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். சண்டை நீள நீள விளம்பரப் பணம் பார்க்கும் நிறுவனத்திடம் ஊர்ப் பஞ்சாயத்தை ஒப்படைக்கச் சொல்கிறீர்களா?

2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வட கரோலினாவின் மலைப்பகுதியைப் புரட்டிப்போட்டது. ஆஷ்வில்லில் மின்சாரம் போனது, குழாயில் தண்ணீர் நின்றது, கைப்பேசிச் சிக்னலும் போனது. அப்போது ப்ளூ ரிட்ஜ் பொது வானொலி மாவட்ட அதிகாரிகளின் அறிவிப்புகளை நேரலையில் ஒலிபரப்பியது. எந்தச் சாலை உடைந்திருக்கிறது, குடிநீர் எங்கே கிடைக்கும் என்பதை மக்கள் காரில் உட்கார்ந்து வானொலியில் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். உங்கள் ஆயிரம் பேரும் அன்று எங்கே போனார்கள்?

இவ்வளவுக்குப் பிறகும், 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் பொது ஒலிபரப்புக்கென்று ஒதுக்கிய ஏறத்தாழ 110 கோடி டாலரை ரத்து செய்தது. வயிறு எரிகிறது, நடுவர் அவர்களே! பெருநகர நிலையங்கள் நேயர்களின் நன்கொடையில் தாக்குப்பிடிக்கும். சிற்றூர் நிலையத்துக்கு அந்தப் பணம்தான் உயிர்.

எதிரணியினரே, அப்படியொரு நிலையம் மூடப்படும் ஊரில், நகராட்சித் தலைவரை எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்கப்போவது யார்? அடுத்துப் பேச வருபவர் அதற்கு விடை சொல்லிவிட்டுத் தம் வாதத்தைத் தொடங்கட்டும்.