‘காப்பகத்துக்கு வர மாட்டேன்’ என்பவரை என்ன செய்வது?

சரி, அடுத்த கேள்வி. அரும்பாக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்கள் தெருமுனையில் பூட்டிக் கிடக்கும் ஒரு கடையின் படியில் இரண்டு மாதமாக ஒரு பெரியவர் படுக்கிறார். வீடில்லாதவர்கள் தங்கும் மாநகராட்சிக் காப்பகத்தில் சேர்த்துவிடுகிறேன், வாருங்கள் என்றால் மாட்டேன் என்கிறார். அங்கே சேர என்ன கேட்பார்கள், எத்தனை நாள் தங்கலாம், வர மாட்டேன் என்பவரை என்ன செய்வது?"

கடைசியாகக் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். அவர் மாட்டேன் என்று சொன்னால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அதைத் தெரிந்துகொள்ளாமல் நாம் அடுத்த அடி வைக்க முடியாது.

சில வருடங்களுக்கு முன் எழும்பூர் பக்கம் தெருவில் படுப்பவர்களை இரவில் பார்க்கப் போவோம். அங்கே மதில் ஓரமாக ஒரு தாத்தா படுத்திருப்பார். மூன்று முறை கூப்பிட்டோம். மின்விசிறி இருக்கு, கழிப்பறை இருக்கு, சாப்பாடு இருக்கு என்று சொன்னோம். வேண்டாம்பா என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். நாலாவது முறை நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போதுதான் கவனித்தேன். தலைக்கு ஒரு அரிசிச் சாக்கு வைத்திருந்தார், நீல நைலான் கயிற்றால் கட்டியது. தூங்கும்போதும் கயிற்றை மணிக்கட்டில் சுற்றியிருந்தார். "இதை எங்க வைப்பாங்க?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் அவருக்கு இருந்தது. மூன்று முறையும் அதை மட்டும் நாங்கள் பேசவில்லை. சாக்குக்குள் மனைவியின் சேலை ஒன்று, ஒரு போட்டோ, பிளாஸ்டிக் கவரில் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகள். காப்பகத்தில் பேசி ஒரு தகரப் பெட்டியும் பூட்டும் ஏற்பாடு செய்தோம். மறுநாள் வந்துவிட்டார். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டுதான் படுத்தார்.

ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். கோயம்பேட்டில் சுமை தூக்குகிறவர் நடுராத்திரிக்குப் பிறகு லாரி வரும்போது அங்கே இருக்க வேண்டும். காப்பகத்தில் பத்து மணிக்குக் கதவைப் பூட்டினால் அவருக்கு அன்றைய கூலி போச்சு. கணவன் மனைவியாக இருப்பவர்கள் ஆளுக்கொரு காப்பகத்துக்குப் போக மாட்டார்கள். குடும்பத்தோடு தங்கும் காப்பகம் எது என்று முதலிலேயே விசாரிக்க வேண்டும். இன்னும் சிலருக்குப் பயம். பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கும் 1945-ஆம் வருடச் சட்டம் நம் மாநிலத்தில் உண்டு. அந்தச் சட்டத்தைச் சொல்லி ஒருமுறை வண்டியில் ஏற்றப்பட்டவர் அதன் பிறகு யார் வந்து ‘வாங்க, கூட்டிட்டுப் போறோம்’ என்றாலும் நம்ப மாட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

இப்போது மற்ற கேள்விகள். பணம் கட்ட வேண்டாம். ஆதார் இல்லை என்பதற்காக ஒருவரைத் திருப்பி அனுப்புவது நியாயமே இல்லை, ஏனென்றால் ரோட்டில் படுப்பவருக்கு முதலில் தொலைவது அந்த அட்டைதான். எத்தனை நாள் என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே கணக்கு கிடையாது. ஆஸ்பத்திரியில் ஆள் சேர்த்துவிட்டு வெளியே படுப்பவர்களுக்காகச் சென்னையில் சில அரசு மருத்துவமனை வளாகங்களிலேயே காப்பகம் உண்டு, நோயாளி வீடு திரும்பும்வரை அவர்களுக்கு இடம் தேவை. வேலை தேடி வந்தவருக்குச் சில வாரம் போதும். வயதானவருக்கு அப்படிச் சொல்ல முடியாது.

இந்தக் காப்பகங்கள் யாரோ போட்ட தர்மம் என்று நினைத்துவிடாதீர்கள். 2009 டிசம்பரில், கடுங்குளிரில், டெல்லியில் ஒரு தற்காலிகக் கூடாரத்தை மாநகராட்சி இடித்தது. அங்கே தங்கியிருந்தவர்கள் ரோட்டுக்கு வந்தார்கள். அந்த விஷயம் 2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. உணவு உரிமைக்காக 2001-லிருந்து நடந்துவந்த வழக்கிலேயே இதையும் எடுத்துக்கொண்டார்கள். பெரிய நகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு நூறு பேர் தங்கும் ஒரு காப்பகம், வருடம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பது அந்த வழக்கில் வந்த உத்தரவு. குளிர்காலத்துக்கு மட்டும் என்றில்லை. நம் ஊரில் குளிரை விட மழையும் கொசுவும்தானே கொல்கிறது! பிறகு 2013-இல் வந்த மத்திய அரசின் நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்தில், ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம், சுழற்சி முறையில் பார்த்துக்கொள்ள ஆட்கள் என்றெல்லாம் விதி எழுதினார்கள்.

அந்த விதிகளில் எனக்கு முக்கியமாகப் படுவது இடத்தின் அளவு இல்லை. அங்கே தங்குபவருக்கு அடையாள அட்டை, ரேஷன், வங்கிக் கணக்கு, முதியோர் உதவித்தொகை, மருத்துவம் எல்லாவற்றுக்கும் வழி செய்ய வேண்டும் என்று இருக்கிறது பாருங்கள், அதுதான். பாய் மட்டும் விரித்துக் கொடுத்தால் அது ரோட்டுக்குப் பதிலாக ஒரு கூரை, அவ்வளவுதான். இருபது நாளில் ஒருவர் கிளம்பும்போது கையில் ஆதாரும், காலில் இருந்த புண்ணுக்கு மருந்துச் சீட்டும், கணக்குப் புத்தகமும் இருந்தால் அந்த இருபது நாளுக்கு அர்த்தம் உண்டு. நான் பார்த்த சில இடங்களில் பொறுப்பாளரே தாலுகா அலுவலகத்துக்குக் கூட நடப்பார். சில இடங்களில் வருகைப் பதிவேட்டோடு வேலை முடிந்துவிடும். அதனால் சேர்க்கும்போதே கேளுங்கள், இவருடைய பேப்பர் வேலையை யார் பார்ப்பார்கள் என்று. கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

இன்னொன்று. அவர் தனக்குத்தானே பேசிக்கொள்கிறார், உங்களை அடையாளமே தெரியவில்லை, உடம்பைக் கவனிக்கவே இல்லை என்றால் விஷயம் வேறு. சாதாரணக் காப்பகத்தில் கொண்டுபோய் விடாதீர்கள். 2017-ஆம் வருட மனநலச் சட்டத்தின் 100-ஆவது பிரிவுப்படி, அப்படித் திரிபவரைப் பாதுகாப்பாக அழைத்துப்போய் 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் காட்டுவது போலீஸின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. உடம்பு முடியாமல் கிடந்தால் முதலில் 108. மற்றபடி மாநகராட்சிக்கு 1913, முதியோர் என்றால் 14567.

தம்பி, நாளைக்குப் போகும்போது பைக்கில் உட்கார்ந்தபடியே பேசாதீர்கள். ஒரு டீ வாங்கிக்கொண்டு போய், அவர் படுக்கிற படியிலேயே உட்காருங்கள். பெயரைக் கேளுங்கள். காலையில் எழுந்து எங்கே போகிறார், எத்தனை மணிக்குத் திரும்புகிறார், யாரையாவது எதிர்பார்த்து அந்தப் படியில் இருக்கிறாரா என்று மெதுவாகக் கேளுங்கள். அன்றே வரச் சொல்லாதீர்கள். "ஒருமுறை வந்து பார்த்துட்டு வரலாம்யா, பிடிக்கலைன்னா இங்கேயே கொண்டுவந்து விட்டுடறேன்" என்று சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றால் சொன்னபடி திரும்பக் கூட்டிவந்தும் விடுங்கள், அப்போதுதான் இரண்டாவது முறை உங்களோடு வருவார். அவரோடு கிளம்பும் முன் காப்பகத்துக்கு போன் போட்டு, சாமான் வைக்கப் பூட்டோடு பெட்டி உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.