மில்வாக்கியில் ஜோசபின் ரஃபின் அந்த இருக்கையை ஏன் மறுத்தார்?

வணக்கம். அமெரிக்கக் கறுப்பினப் பெண்களை ஒன்றுதிரட்டிய ஜோசபின் செயின்ட் பியர் ரஃபின் அம்மையாரைப் பற்றிய என் உரையைக் கேட்ட நேயர் ஒருவர் இரண்டு சந்தேகங்களை எழுதி அனுப்பியிருக்கிறார். 1900ஆம் ஆண்டு அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் கூடிய மகளிர் மன்றங்களின் மாநாட்டில், அவருடைய கறுப்பின மகளிர் மன்றத்தை ஏற்காமல், வேறொரு மன்றத்தின் பிரதிநிதியாக உள்ளே வரலாம் என்று வழிவிட்ட பிறகும் அவர் ஏன் மறுத்தார், உள்ளே போய்ப் போராடியிருக்கலாமே என்பது முதல் கேள்வி. கணவர் நீதிபதி, குடும்பமோ வசதியானது, அப்படியிருக்க மகளிர் மன்றம் என்பது ஓய்வு நேரப் பொழுதுபோக்குதானே என்பது இரண்டாவது கேள்வி. இரண்டுக்கும் விடை அவருடைய குடும்பத்தின் கதையில் இருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஜோசபின் 1842இல் பாஸ்டன் நகரில் பிறந்தவர். துணி வணிகரான அவருடைய தந்தை மார்த்தினிக் தீவின் வழிவந்தவர். தாய் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து வந்த வெள்ளையினப் பெண். பாஸ்டனில் அடிமை முறை இல்லை என்றாலும், கறுப்பினக் குழந்தைகளைத் தனிப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. சாரா ராபர்ட்ஸ் என்ற சிறுமிக்காக அவளுடைய தந்தை தொடுத்த வழக்கு தோற்றுப்போய், 1855இல் மாநிலச் சட்டமன்றம் தலையிட்ட பிறகுதான் அந்தப் பிரிவினை ஒழிந்தது. அதுவரை ஜோசபினின் பெற்றோர் மகளைப் பாஸ்டனின் தனிப் பள்ளியில் சேர்க்க மறுத்து, எல்லாக் குழந்தைகளும் ஒன்றாகப் படித்த, அதே மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சார்ல்ஸ்டவுன், சேலம் ஆகிய ஊர்களின் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். மில்வாக்கியில் நடந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பெற்றோர்தான்.

1858இல், 16 வயதில், ஜார்ஜ் லூயிஸ் ரஃபின் என்பவரை அவர் மணந்தார். கறுப்பினத்தவர் இந்நாட்டின் குடிமக்களே அல்லர் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ட்ரெட் ஸ்காட் வழக்கில் தீர்ப்பளித்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. இளந்தம்பதியர் கடல் கடந்து லிவர்பூலுக்குச் சென்று சிறிது காலம் வாழ்ந்துவிட்டு, மீண்டும் பாஸ்டனுக்கே திரும்பினார்கள். உள்நாட்டுப் போர் மூண்டபோது, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் புகழ்பெற்ற 54ஆம் கறுப்பினப் படைப்பிரிவுக்கு ஆள் சேர்க்கும் பணியில் இருவரும் ஈடுபட்டார்கள்.

நேயர் சொல்லும் வசதியைப் பற்றி ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ஜார்ஜ் ரஃபின் முடிதிருத்தும் தொழில் செய்துகொண்டே சட்டம் பயின்று, 1869இல் ஹார்வர்ட் சட்டக் கல்லூரியில் பட்டம் பெற்றார்; அங்கே பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. பிறகு மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகி, 1883இல் சார்ல்ஸ்டவுன் நகர நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டார். அதாவது, நீதிபதியின் மனைவி என்ற நிலை ஜோசபினுக்குத் திருமணமாகி 25 ஆண்டுகள் கழித்தே வாய்த்தது. 1886இல் கணவர் காலமானதோடு அதுவும் முடிந்தது. ஐந்து பிள்ளைகளில் ஒன்றைக் கைக்குழந்தையாகவே பறிகொடுத்தவர் அவர். நாம் பேசிக்கொண்டிருக்கும் மன்றம், கணவரை இழந்து, 50 வயதைக் கடந்த ஒரு பெண் தொடங்கியது.

பொழுதுபோக்கு என்ற சொல்லையும் என்னால் ஏற்க முடியவில்லை. மாசசூசெட்ஸ் பெண்களுக்கு 1879 முதல் பள்ளிக் குழுத் தேர்தலில் மட்டும் வாக்களிக்கும் உரிமை இருந்தது. மற்ற எந்தத் தேர்தலிலும் இல்லை. வாக்குச் சீட்டு இல்லாதவர்களுக்கு ஒன்றுகூடவும், தீர்மானம் போடவும், அச்சிட்டுப் பரப்பவும் மன்றம் ஒன்றே இடம். ஆசிரியையான தம் மகள் ஃப்ளோரிடா, பள்ளித் தலைமையாசிரியை மரியா பால்ட்வின் ஆகியோருடன் சேர்ந்து ஜோசபின் விமன்ஸ் எரா கிளப் என்ற மன்றத்தை அமைத்து, 1894இல் அதே பெயரில் ஒரு பத்திரிகையையும் தொடங்கினார். சிகாகோ, நியூயார்க், வாஷிங்டன், டென்வர் என்று பல நகரங்களின் கறுப்பினப் பெண்கள் அதற்கு எழுதினார்கள். கறுப்பினத்தவரை விசாரணையின்றிக் கொல்லும் கும்பல் கொலைகளைக் கண்டிக்கும் தீர்மானம் ஒன்றை இங்கிலாந்தைச் சேர்ந்த லாரா ஆர்மிஸ்டன் சாண்ட் என்ற சீர்திருத்தவாதி எதிர்த்தபோது, மன்றத்தின் சார்பில் ஃப்ளோரிடா அவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, குற்றம் நிரூபிக்கப்படும்வரை எங்கள் ஆண்களின் மீது தீர்ப்புச் சொல்லாதீர்கள் என்று கேட்டார். அடுத்த ஆண்டே, கறுப்பினப் பெண்கள் அனைவரையும் ஒழுக்கமற்றவர்கள் என்று இழித்து மிசௌரி மாநிலப் பத்திரிகையாளர் ஒருவர் எழுதிய கடிதத்துக்கு மறுமொழியாக, நாடு முழுவதிலுமிருந்து பெண்களை அழைத்து ஜோசபின் பாஸ்டனில் மாநாடு கூட்டினார். நாங்கள் ஒதுங்கிப் போகவில்லை, முன்வரிசைக்கு வருகிறோம், எங்களோடு சேர விரும்பும் எவரையும் வரவேற்கிறோம் என்ற பொருள்பட அவர் அங்கே பேசினார்.

இனி மில்வாக்கிக்கு வருகிறேன். மகளிர் மன்றங்களின் பொதுக் கூட்டமைப்பு அங்கே கூடியது. விமன்ஸ் எரா மன்றத்தின் சேர்க்கையை நிர்வாகக் குழு முன்னதாகவே ஏற்றிருந்தது. அது கறுப்பினப் பெண்களின் மன்றம் என்று தெரிந்த பிறகே, தென் மாநிலப் பிரதிநிதிகள் விலகிவிடுவார்கள் என்ற அச்சத்தில் பின்வாங்கினார்கள். ஜோசபினின் ஆடையில் குத்தியிருந்த பிரதிநிதி அடையாளத்தைப் பறிக்கவும் ஒருவர் முயன்றார், அவர் விட்டுக்கொடுக்கவில்லை. வெள்ளையினப் பெண்கள் பெரும்பான்மையாக இருந்த நியூ இங்கிலாந்து மகளிர் மன்றத்திலும் அவர் உறுப்பினராக இருந்ததால், அதன் சார்பில் அமரலாம் என்றார்கள்.

உள்ளே போய்ப் போராடியிருக்கலாமே என்ற கேள்விக்கு இங்கேதான் விடை. அவர் பல ஆண்டுகளாக உள்ளேதான் இருந்தார். வெள்ளையினப் பெண்களின் மன்றங்களிலும், பத்திரிகையாளர் சங்கத்திலும், வாக்குரிமை இயக்கத்திலும் அவரை மதித்து ஏற்றிருந்தார்கள். அவர் மில்வாக்கியில் கேட்டது தம்மை அனுப்பிவைத்த பெண்களுக்கான இடத்தை. கொடுக்க முன்வந்ததோ அவர் ஒருவருக்கு மட்டும். அதை ஏற்றிருந்தால், எங்கள் மாநாட்டில் கறுப்பினப் பெண்ணும் அமர்ந்தாரே என்று கூட்டமைப்பு சொல்லிக்கொண்டிருக்கும், பாஸ்டன் மன்றமோ வாசலிலேயே நின்றிருக்கும். அவர் செய்தது சரி என்றே நான் கருதுகிறேன்.

அதன்பின் 1910களில் பாஸ்டனில் கறுப்பினத்தவரின் உரிமைச் சங்கக் கிளை உருவாகவும் அவர் துணைநின்றார். பெண்களுக்கு வாக்குரிமை வந்ததைக் கண்ணால் கண்டு, 1924 மார்ச்சில் மறைந்தார். ஃப்ளோரிடா 1943 வரை வாழ்ந்தார். அவர் குடியிருந்த புரூக்லைனில் ஒரு பள்ளி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.