அலை வாங்கும் நேரம் பார்த்துப் பாடம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மாட்டுங்கா, சயான், தாராவி, செம்பூர் என்று நாலா பக்கமும் இருந்து லோக்கல் ட்ரெயின் நெரிசலைத் தாண்டி வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

மூன்று முதல் எட்டு வயது வரை ஒரு பிள்ளை படிக்க ஏற்ற இடம் வகுப்பறையா, கடற்கரையா? இதுதான் இன்றைய வழக்கு. கடற்கரைதான் என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார் மூன்று கேள்விகளை வைத்துவிட்டு அமர்ந்தார். கடலோரம் போனால் பிள்ளை விளையாடும், எழுத்து எப்படி வரும்? மும்பைக் கடல் இருக்கிற இருப்பில் பச்சைப் பிள்ளையை அங்கே விடலாமா? பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கு நாளைக்கு எந்தக் கதவு திறக்கும்? மூன்றும் பெற்றவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள்தான். வரிசையாகவே வருகிறேன்.

எழுத்திலிருந்து தொடங்கலாம். அம்மா, மணலில் எழுத்துப் பழகுவது நம் வீட்டுச் சொத்து. திண்ணைப் பள்ளியில் பிள்ளை முதலில் தரையில் பரப்பிய மணலில்தான் விரல் வைத்தது. ஓலையும் எழுத்தாணியும் அதற்குப் பிறகுதான் கைக்கு வந்தன. 1787இல் மதராஸ் வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். எழும்பூரில் தம் பொறுப்பில் இருந்த அநாதைச் சிறுவர் விடுதியில் அதையே நடத்தினார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி அச்சிட்டு வெளியிட்டார். இங்கிலாந்துப் பள்ளிகளில் 'மதராஸ் முறை' என்று அது பரவியது. அப்படிப்பட்ட மணலை இன்று நாமே விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்குகிறோம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எப்படி எழுத வைப்பது? இடம் முக்கியம். காய்ந்த மணலில் கோடு சரிந்துவிடும். அலை ஓரத்துச் சொதசொத மணலில் போட்ட கோடு கண் முன்னாலேயே மூடிக்கொள்ளும். கால் வைத்தால் தடம் அரை விரல் ஆழம் பதிந்து, ஓரம் உடையாமல் நிற்கிற ஈரப் பட்டை ஒன்று நடுவில் இருக்கும். அதுதான் சிலேட்டு. முதல் மாதம் எழுத்து முழங்கை நீளம் இருக்கட்டும். பிள்ளை தோளை அசைத்து எழுதும். அடுத்து ஒரு சாண். அதற்கும் அடுத்துத்தான் ஒரு விரல் நீளம். 'அ'வில் தொடங்கினால் சுழியில் பிள்ளை மாட்டிக்கொள்ளும். ட, ப என்று நேர்கோட்டு எழுத்துகளில் தொடங்குங்கள். சுழி வரும்போது ஈர மணலில் ஒரு தேங்காய்ச் சிரட்டையை அழுத்தி, அந்த வட்டத்தின் மேலேயே விரலை ஓட்டச் சொல்லுங்கள். ஒரு காலையில் மூன்று எழுத்து போதும். வீட்டுக்கு வந்ததும் அதே மூன்று எழுத்தைப் பென்சிலில், கட்டம் போட்ட நோட்டில் எழுத வேண்டும். இந்த வீட்டுப் பாதியை விட்டவர்களுக்குத்தான் "கடற்கரைக்குப் போனோம், எழுத்து வரவில்லை" என்ற நிலை வருகிறது. மணல் கையைப் பழக்கும். பென்சில் பிடிக்க மேசையும் வேண்டும். மேசையே கூடாது என்று எங்கள் அணி ஒருநாளும் சொல்லவில்லை.

அடுத்து, கால அட்டவணை. கடற்கரைப் பள்ளிக்கு மணி அடிப்பது கடல். மும்பையில் ஒரு நாளில் கடல் தண்ணீர் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை இறங்கும். ஏறுவது ஏற்றம், இறங்குவது வற்றம். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஏற்றம் நடுப்பகலை ஒட்டி வரும், வற்றம் காலை ஆறு மணியை ஒட்டி வரும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். நம் வீட்டுச் சுவரில் தொங்குகிற தினசரி காலண்டரில் திதி போட்டிருக்கிறதே, அதுவே பாதி வழி காட்டும். அமாவாசை அன்று வற்றம் இருட்டோடு முடிந்துவிடும். துவிதியை அன்று ஏழரை, திருதியை அன்று எட்டேகால், சதுர்த்தி அன்று ஒன்பது. இந்த மூன்று காலைதான் பொன்னானவை. பௌர்ணமிக்குப் பிறகும் இதே கணக்கு. அஷ்டமியை ஒட்டி வற்றம் உச்சி வெயிலில் வரும், தண்ணீரும் அதிகம் இறங்காது. அந்த நாட்களெல்லாம் வீட்டுப் பாட நாட்கள். திதி தோராயம்தான் சொல்லும். அன்றைக்குச் சரியான நிமிடத்தை, ஏற்ற வற்ற நேரம் போட்ட ஓத அட்டவணையில் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும். இந்தக் கணக்கு தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை லீவு என்பதற்காகப் பதினோரு மணிக்கு ஜுஹு போகிறவர்கள் வெயிலையும் கூட்டத்தையும் பேல்பூரிக் கடையையும்தான் பார்ப்பார்கள்.

வற்றத்துக்கு முக்கால் மணி நேரம் முன்னால் போய்ச் சேர வேண்டும். ஒரு கூடையில் பத்து மீட்டர் கயிறு, மீட்டருக்கு ஒரு முடிச்சு, ஐந்தாவது முடிச்சில் சிவப்புத் துணி. ஒளி புகும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, பூதக்கண்ணாடி ஒன்று. முப்பது குழி முட்டை அட்டையிலிருந்து பத்துக் குழி வெட்டி எடுத்தது. ஆளுக்கு அரை லிட்டர் குடிநீர், கை கழுவ இரண்டு லிட்டர் நல்ல தண்ணீர், சோப்பு. காலுக்குச் செருப்பு வேண்டாம், சேறு இழுத்துக்கொள்ளும். பின்பட்டை உள்ள ரப்பர் சாண்டல் போடுங்கள். பொம்மை எதுவும் வேண்டாம்.

இப்போது கணக்குப் பாடம். தண்ணீர் தொட்ட இடத்தில் பிள்ளை ஒரு சிப்பி வைக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒன்று. இதில் எல்லாரும் செய்கிற தப்பு, முதலில் வந்த அலையை வைத்துக் குறித்துவிடுவது. ஒரு அலை குட்டை, ஒன்று நெட்டை. ஐந்து அலையை எண்ணி, அதில் அதிக தூரம் ஏறியது எங்கே நின்றதோ அங்கேதான் சிப்பி. முதல் இரண்டு சிப்பிக்கு நடுவே இடைவெளி பெரிதாக இருக்கும். அடுத்தது சிறிது. அதற்கடுத்தது இன்னும் சிறிது. ஒரு கட்டத்தில் புதுச் சிப்பி பழைய சிப்பியின் பக்கத்திலேயே வந்து உட்காரும். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் கடைசிச் சிப்பி தண்ணீருக்குள். கடல் திரும்பிவிட்டது! யாரும் சொல்லித்தராமல் ஆறு வயதுப் பிள்ளை கயிற்றின் முடிச்சை எண்ணி அதைக் கண்டுபிடிக்கிறது. கூட்டல், கழித்தல், அதிகம், குறைவு எல்லாம் அந்த ஒரு வரிசையில் இருக்கிறது. பிள்ளை தப்பாக எண்ணினால் திருத்துவதற்கு வாத்தியார் கூட வேண்டாம், மறுபடி கயிற்றைப் பிடித்தால் போதும். நான் கடற்கரைக்காக வாதாடுவதற்கு முதல் காரணம் இதுதான். விடை மணலில் கிடக்கிறது. பிள்ளை தானே சரிபார்த்துக்கொள்ள முடிகிறது.

கிர்காவ் சௌபாட்டிக் கடற்கரையில் தண்ணீர் இறங்கிய மணல் மேல் மிளகு அளவு உருண்டைகள் ஆயிரக்கணக்கில் கிடக்கும். பார்த்திருப்பீர்கள், மிதித்துக்கொண்டும் போயிருப்பீர்கள். விரல் நகம் அளவு நண்டு ஒன்று செய்த வேலை அது. தண்ணீர் வடிந்ததும் வளையிலிருந்து வெளியே வரும். மணலை வாயில் அள்ளும், அதில் ஒட்டியிருக்கும் உணவை வடித்துக்கொள்ளும், மிச்ச மணலை உருட்டி ஓரமாக வைக்கும். வளைக்குத் திரும்பி ஓட ஒரு பாதையை மட்டும் சுத்தமாக விட்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் நடுவில் ஒரு குழி, சுற்றிலும் கதிர் கதிராகப் புள்ளி வரிசை, மார்கழி மாதத்துப் புள்ளிக் கோலம் மாதிரி. நிழல் பட்டால் உள்ளே போய்விடும். ஆகவே இரண்டு மீட்டர் தள்ளிச் சப்பணமிட்டு உட்கார வேண்டும், பேசாமல், மூன்று நிமிடம். ஒரு இடத்தில் உட்காராது என்று பெயர் வாங்கிய பிள்ளைக்கும் அங்கே உட்காருவதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது. நண்டு வெளியே வந்தால் ஒரு வரிசையில் எத்தனை உருண்டை என்று எண்ணும். பத்தானதும் முட்டை அட்டையில் ஒரு கிளிஞ்சல். அப்புறம் அதையே நோட்டில் வரையும். நம் முன்னோரின் நெய்தல் பாட்டில் வருகிற நண்டை ஓட்டி விளையாடும் அலவனாட்டலும், மணல் வீடு கட்டும் சிற்றில் இழைப்பதும் இந்த வயதுப் பாடம்தானே?

மொழிக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே வளரும் நம் பிள்ளைக்கு வீட்டில் நண்டு, மீன் விற்கும் கோளி அம்மாவிடம் சிம்போரி, இந்தியில் கேக்டா. நாம் ஏற்றம், வற்றம் என்பதை அவர்கள் பரதி, ஓஹோட்டி என்பார்கள். வர்சோவாவில் மூங்கில் கட்டிப் பொம்பில் மீன் காயப்போடும் இடத்தில் அரை மணி நேரம் நின்றால், பிள்ளைக்கு மூன்று மொழியில் ஒரே பொருள் கிடைக்கும்.

சரி, அழுக்குக்கு வருகிறேன். எதிரணி சொன்னது உண்மை. நாலா என்கிற சாக்கடைக் கால்வாய் கடலில் கலக்கும் இடங்கள் இந்த நகரத்தில் உண்டு. அதனால்தான் விதிகள் வைத்திருக்கிறோம். நாலா வாயிலிருந்து எட்ட இருங்கள். மழை பெய்த மறுநாளும் அதற்கு மறுநாளும் போகாதீர்கள். கடல் தண்ணீரை வாயில் வைக்கக் கூடாது. கையில் புண் இருந்தால் அன்றைக்கு வீட்டுப் பாடம். திரும்பும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் ஒரு பிஸ்கட் கூட இல்லை. அழுக்கான கடலைப் பார்க்கவே கூடாது என்று பிள்ளையை வளர்த்தால் அதைச் சுத்தம் செய்ய யார் வருவார்கள்? வர்சோவாவில் 2015 அக்டோபரில் அஃப்ரோஸ் ஷா என்ற வழக்கறிஞர் குப்பை அள்ளத் தொடங்கினார். 2018 மார்ச்சில் அந்தக் கரையில் ஆலிவ் ரிட்லி ஆமைக் குஞ்சுகள் கடலுக்கு இறங்கின.

ஆபத்து அழுக்கை விடப் பெரிது. அதை எதிரணியை விட நான் அழுத்திச் சொல்கிறேன். ஏற்றம் சீராக ஏறாது. ஆறு மணி நேரத்தில் நாலு மீட்டர் ஏறுகிறது என்றால், முதல் மணியில் சுமார் 33 சென்டிமீட்டர்தான். மூன்றாவது மணியில் ஒரு மீட்டர். நாற்பது அடி நடந்தால் ஓரடி இறங்கும் தட்டையான கரையில் அந்த ஒரு மீட்டர் நாற்பது மீட்டர் தூரத்தை விழுங்கிவிடும். "இப்போதுதானே அங்கே நின்றோம்" என்று மாட்டிக்கொள்வது இப்படித்தான். ஆகவே வற்றம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் எல்லாரும் மேட்டில் இருக்க வேண்டும். மூன்று பிள்ளைக்கு ஒரு பெரியவர், அவர் கையில் போன் இருக்கக் கூடாது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் வேண்டாம். அக்ஸா போன்ற இழுப்புள்ள கரைக்குச் சிறுபிள்ளையோடு போகவே வேண்டாம். ஹாஜி அலி, பாந்த்ரா போன்ற பாறைக் கரையில் பச்சைப் பாசி வழுக்கும், பாறையில் ஒட்டியிருக்கும் கூரான ஓட்டுக் கொட்டலசு கையைக் கிழிக்கும். ஆறு வயதுக்குக் கீழே மணல் கரை மட்டும்தான். பாறைக்குப் போகும் பெரிய பிள்ளைகள் புரட்டிய கல்லை முன்பு இருந்த மாதிரியே திரும்ப வைக்க வேண்டும், அடியில் ஒட்டியிருப்பது வெயிலில் செத்துப்போகும். உயிருள்ள சங்கு, சிப்பி எதுவும் வீட்டுக்கு வரக் கூடாது. பாறைக் கரைக்கு முதல் தடவை தனியாகப் போகாமல், 2017 முதல் கரை நடை நடத்தி வரும் மரைன் லைஃப் ஆஃப் மும்பை குழுவினரோடு போய்ப் பாருங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கடற்கரைப் பள்ளிக்கு லீவு. அலையும் பெரிது, நீலப் பை மாதிரி ஒதுங்கும் 'புளூ பாட்டில்' உயிரியும் அப்போதுதான் வரும். கரையில் செத்துக் கிடந்தாலும் அதன் நூல் கொட்டும். கொட்டிவிட்டால் மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள். ஒரு அட்டையால் நூலை எடுத்துவிட்டுக் கடல் தண்ணீராலேயே அலசி, தோல் தாங்கும் சூட்டில் வெந்நீரில் இருபது நிமிடம் வையுங்கள். மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரி. அந்த நாலு மாதமும் தாராவி ஓரத்து மகாராஷ்டிரா இயற்கைப் பூங்காவும் ஜன்னலில் ஒரு மழைமானியும் போதும்.

கடைசிக் கேள்வி, சான்றிதழ். 2020 தேசியக் கல்விக் கொள்கையே மூன்று முதல் எட்டு வயதை அடித்தள நிலை என்று பிரித்து, விளையாட்டும் செயலுமாகக் கற்பிக்கச் சொல்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தில் 'கட்டாயம்' என்ற சொல் அரசின் கடமையைக் குறிக்கிறது. அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு, பள்ளியில் சேராமல் இருந்த பிள்ளையை அதன் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 3, 5, 8ஆம் வகுப்புக்கு இணையான நிலைகள் உண்டு. ஆனால் தேதி போட்ட நோட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். பிற்பாடு பள்ளியில் சேர்க்கும்போது பிள்ளை என்ன படித்தது என்று காட்ட அதுதான் கையில் இருக்கும்.

கணவன், மனைவி இருவரும் ஒன்பது மணி ட்ரெயின் பிடிக்கிற வீட்டில் இதைத் தனியாகச் செய்ய முடியாது. அதையும் ஒப்புக்கொள்கிறேன். நாலு குடும்பம் சேர்ந்தால், மாதத்தில் வருகிற ஆறு காலைகளில் காலைக்கு இரண்டு பெரியவர் என்று வைத்தாலும் ஒரு வீட்டுக்கு மூன்று முறைதான் கரைக்குத் துணை போக வேண்டியிருக்கும். மீதி நாட்களின் வீட்டுப் பாடத்தையும் அதே நாலு வீடும் முறை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும், பிள்ளைக்குக் கூட்டும் கிடைக்கும்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அவருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். வருகிற துவிதியை அன்று காலை ஏழு மணிக்குச் சர்னி ரோடு ஸ்டேஷனில் இறங்கி, எதிரே இருக்கிற மணலில் இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்து, மூன்று நிமிடம் பேசாமல் இருந்து பாருங்கள். உருண்டைகளை எண்ணிவிட்டு வந்து தீர்ப்புச் சொல்லுங்கள்.