மரவைக்கு அடியில் என்ன எழுதியிருக்கிறது?

[காட்சி: சிவப்பு நிற வட்டப் பெட்டி ஒன்று. ஒரு கை மெல்ல மூடியைத் திறக்கிறது.]

வணக்கம். இந்தப் பெட்டி ஏதாவது பெரிய மியூசியத்தில் இருந்திருந்தால் கண்ணாடிக்குள் வைத்து, மேலே சின்ன விளக்குப் போட்டு, "பர்மா, அரக்கு வேலைப்பாடு, தொடாதீர்கள்" என்று அட்டையும் வைத்திருப்பார்கள். எங்கள் ஆயா, அதாவது பாட்டி, இதில் சீப்புச் சீடை போட்டு வைத்திருந்தார்.

செட்டிநாட்டில் இதற்குப் பெயர் மரவை. பெயரில்தான் மரம். உள்ளே பெரும்பாலும் மூங்கில். மூங்கிலை மெல்லிய பட்டையாகச் சீவி, சுருட்டியும் பின்னியும் உருவம் கொண்டுவருவார்கள். உயர்ந்த ரகம் என்றால் மூங்கிலுக்குக் குறுக்கே குதிரை முடி கொடுத்து நெய்திருக்கும். அதன் விளிம்பை இரண்டு விரலால் அழுத்தினால் வளையும், விட்டால் பழையபடி நிற்கும்.

[காட்சி: பெட்டியின் மேல் கீறிய கோடுகள், மிக நெருக்கத்தில்.]

மேலே பூசியிருப்பதை நாம் அரக்கு என்கிறோம். ஆனால் நம் ஊர் அரக்கு ஒரு பூச்சியிடமிருந்து வருவது. இது 'தித்சி' என்ற மரத்துப் பால். இதில் ஒரு வேடிக்கை உண்டு: வெயிலில் வைத்தால் இது ஒழுங்காகக் காயாது, ஈரக் காற்றுதான் இதை இறுக வைக்கும். அதனால் ஒவ்வொரு பூச்சுக்கும் நிலவறையில் பல நாள் வைத்திருந்து எடுப்பார்கள். ஒரு நல்ல பெட்டி முடிய மாதக்கணக்கில் ஆகும். அப்புறம் கூர்முனையால் கோடு கீறி, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஒவ்வொரு நிறமாகத் தேய்த்து ஏற்றுவார்கள்.

இது தெரியாமல் நான் ஒரு தடவை மழைக்காலம் முடிந்ததும் மூடியை மொட்டை மாடியில் காய வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் குறுக்கே ஒரு வெடிப்பு. பித்தளைக்குப் புளி போடுகிற பழக்கத்தில் இதையும் யாராவது தேய்க்கப் போனால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

[காட்சி: வரைபடம். காரைக்குடியிலிருந்து கடல் தாண்டி ரங்கூன், அங்கிருந்து வடக்கே பாகான்.]

இந்த வேலைக்குப் பேர் போன ஊர் பாகான். அங்கே 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. மலைமண்டலத்து, அதாவது இன்றைய கேரளத்து, மகோதயர்பட்டினத்தைச் சேர்ந்த ஒருவர், நானாதேசி விண்ணகரம் என்ற பெருமாள் கோயிலுக்கு மண்டபமும் கதவும் நிலைவிளக்கும் கொடுத்ததைச் சொல்கிறது. நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், அங்கே கடை போட்டது அதற்கு வெகு காலம் கழித்து. 1852 போருக்குப் பிறகு கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது, 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது, அரிசி ஏற்றுமதி பெருகியது. விவசாயிக்குக் கடன் வேண்டும், அதைக் கொடுக்க இங்கிருந்து ஆட்கள் போனார்கள். மூன்று வருஷக் கணக்கை முடித்துவிட்டு ஊர் திரும்புகிறவர் வெறுங்கையோடா வருவார்? தேக்கு வந்தது, மரவை வந்தது, ஊறுகாய்க்கு ஆளுயர ஜாடியும் வந்தது.

1930-களில் நெல் விலை விழுந்து, கடனுக்கு ஈடான நிலம் செட்டியார்கள் கைக்கு வந்து சேர்ந்தது. முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி. பர்மியர்களின் கோபத்துக்கு அதுவும் ஒரு காரணம். இந்த அழகான பெட்டியைப் பற்றிப் பேசும்போது அந்தப் பக்கத்தை மட்டும் விட்டுவிட எனக்கு மனசில்லை. 1942-இல் ஜப்பான் படை நுழைந்ததும் எல்லாம் அங்கேயே நின்றுபோனது. ஏற்கெனவே ஊர் வந்து சேர்ந்த சாமான்தான் மிச்சம்.

[காட்சி: கல்யாண வீடு. பட்டாலை, அதாவது கூடம், முழுக்கப் பாத்திரங்கள், வரிசை வரிசையாக.]

இங்கே பொருட்காட்சி என்பது புது விஷயம் இல்லை. பெண்ணுக்குக் கொடுக்கும் சாமானை ஊரே பார்க்கப் பரப்பி வைப்பார்கள். டஜன் கணக்கில். பெண்கள் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்து, எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லிவிடுவார்கள். பீங்கான், எனாமல் இரண்டையும் சேர்த்து 'மங்கு சாமான்' என்றே சொல்வது வழக்கம். ஆனால் எனாமல் நிறைய ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஆசியக் கலை என்று அலமாரி வைக்கிறவர்கள் இதில் கொஞ்சம் கவனமாக இருக்கலாம்.

சுவரில் பதித்திருக்கும் டைலைத் திருப்பிப் பார்க்க முடியாது. பெயர்ந்து விழுந்த ஒரு டைல் கிடைத்தால் விடாதீர்கள், பின்பக்கத்தில் 'ஜப்பான்' என்று இருக்கலாம். முதல் உலகப் போரில் ஐரோப்பியச் சரக்கு தடைப்பட்டபோது ஜப்பானியக் கம்பெனிகள் இந்தச் சந்தைக்குள் வந்தன. புடைத்த பூ வேலைப்பாட்டோடு நிற்காமல், ரவி வர்மா அச்சுப் படங்களைப் பார்த்து லட்சுமியையும் கிருஷ்ணரையும் டைலில் வார்த்து அனுப்பினார்கள். வியாபாரம் தெரிந்தவர்கள்! தரையில் இருக்கும் ஆத்தங்குடிக் கல் வேறு, அது உள்ளூர்க் கை.

[காட்சி: காரைக்குடி, முனீஸ்வரன் கோவில் தெரு. கடை வாசலில் தூண், ஜாடி, கடிகாரம்.]

டிக்கெட் இல்லாத காட்சி வேண்டுமா, இந்தத் தெருவுக்கு வாருங்கள். பாகம் பிரிந்த வீடுகளின் சாமான் இங்கே வந்து சேர்கிறது. வாங்குகிறவர்களுக்கு ஒன்று: 1972 தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு தாண்டிய பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

நான் அங்கே எதையும் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பேன். அடியில் இரண்டு மூன்று எழுத்து இருந்தால் அது விலாசம், அதாவது குடும்பத்தின் முதலெழுத்துகள். மூனா, ரூனா, லேனா என்று வாசிப்பார்கள். பொருளில் பெயர் எழுதும் பழக்கம் ரொம்பப் பழசு. தாய்லாந்தில் குவான் லுக் பாட் என்ற இடத்தில் ஒரு பொற்கொல்லரின் உரைகல் கிடைத்தது. அதில் தமிழ்-பிராமியில் 'பெரும்பதன் கல்' என்று வெட்டியிருக்கிறது. நம் எவர்சில்வர் குடத்தில் பேர் வெட்டுகிற அதே வேலைதான்.

[காட்சி: மூடியில்லாத மரவை. அடியில் மங்கிய வெள்ளைப் பெயிண்ட் எழுத்து.]

போன தடவை இதை வாங்கி வந்து பக்கத்து வீட்டு அய்யாவிடம் காட்டினேன். வயது எண்பதுக்கு மேல். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்தை வாசித்தார். ஊரைச் சொன்னார், எந்த வீதி என்றும் சொன்னார்.

"மூடியைத் தேடிப் பாக்கலாமா அய்யா?" என்று கேட்டேன்.

"கடையில தேடாதப்பா. பாகம் பிரிக்கும்போது சட்டி தம்பிக்கு வந்துச்சுன்னா மூடி அண்ணன் வீட்டுலதான் இருக்கும். பத்திரமா வச்சிருப்பாங்க, குடுக்க மாட்டாங்க."