வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் என்ன கேட்பது?

வணக்கம் நேயர்களே. தேர்தல் வந்தால் வேட்பாளர்களும் வாசலுக்கு வருவார்கள். கை கொடுப்பார்கள், துண்டுப்பிரசுரம் தருவார்கள், அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கனடாவின் தேர்தல் முறை மாற வேண்டும் என்று விரும்பும் நாங்கள் சிலர், ஸ்காபரோவில் எங்கள் தொகுதி வேட்பாளர்களுக்கு ஒரு கேள்விக்கொத்து அனுப்பி வருகிறோம்.

‘தேர்தல் சீர்திருத்தத்தை ஆதரிக்கிறீர்களா?’ என்று மட்டும் கேட்டால் ‘ஆம்’ என்று எழுதிவிடுவார்கள். அந்த ‘ஆம்’ என்ற பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எந்த முறை என்று கேட்க வேண்டும்.

2015 ஐ நினைத்துப் பாருங்கள். இந்தப் பழைய முறையில் நடக்கும் கடைசித் தேர்தல் இதுதான் என்றார் ஜஸ்டின் ட்ரூடோ. பழைய முறை உங்களுக்குத் தெரிந்ததுதான்: தொகுதியில் கூடிய வாக்கு எடுத்தவர் வெற்றி, பாதிக்கு மேல் வேண்டும் என்பதில்லை. அந்த முறையிலேயே அவருடைய லிபரல் கட்சி 39.5 வீத வாக்கோடு 338 ஆசனங்களில் 184 ஐப் பிடித்தது. சரி, பழையது போனால் எது வரும்? வாக்குறுதியில் அது இல்லை! ட்ரூடோவுக்குப் பிடித்தது வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் முறை. என்டிபி என்ற புதிய ஜனநாயகக் கட்சியும் பசுமைக் கட்சியும் விகிதாசாரம் கேட்டன, அதாவது கட்சி எடுக்கும் வாக்கு வீதத்துக்கு ஏற்ப ஆசனம். சர்வசன வாக்கெடுப்பு இல்லாமல் எதையும் மாற்றக் கூடாது என்றது கன்சர்வேடிவ் கட்சி. 2016 டிசம்பரில் நாடாளுமன்றக் குழு, விகிதாசார முறை ஒன்றை வாக்கெடுப்புக்கு விடச் சொன்னது. 2017 பெப்ரவரியில் அரசாங்கம், இணக்கம் இல்லை என்று சொல்லி எல்லாவற்றையும் கைவிட்டது. எவ்வளவு பேருடைய நம்பிக்கை அது! ‘எந்த முறை?’ என்று வாசலிலேயே கேட்டிருந்தால், இந்த இழுபறி வாக்குப் போட முன்னரே தெரிய வந்திருக்கும்.

ஒருமுறை கோயில் மண்டபத்தில் ஒரு வேட்பாளர், ‘நிச்சயமாக ஆதரிக்கிறேன்’ என்றார். முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர், ‘எந்த முறையை, தம்பி?’ என்றார். ‘எல்லோரோடும் பேசி முடிவெடுப்போம், அம்மா.’ அவர் விடவில்லை. ‘உங்கள் கட்சி வேண்டாம் என்றால், நீங்கள் எந்தப் பக்கம் வாக்களிப்பீர்கள்?’ பதில் வரவில்லை. அந்தக் கேள்வி இப்போது எங்கள் கேள்விக்கொத்தில் இருக்கிறது. எந்த முறை, எப்போதைக்குள், கட்சி மறுத்தால் நீங்கள் எந்தப் பக்கம்? இந்த மூன்றுக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். வராத பதிலையும், வரவில்லை என்றே அயலவர்களுக்குச் சொல்லுங்கள்.

விகிதாசாரம் எங்கள் ஆட்களுக்குப் புதிதல்ல. கட்சிக்கு ஒரு புள்ளடி, மூன்று பேருக்கு விருப்பு வாக்கு என்று இலங்கையில் போட்டுப் பழகியவர்கள் இங்கே நிறையப் பேர். அதன் நல்லது கெட்டது இரண்டும் தெரிந்தவர்கள். ஆகவே தயங்காமல் கேளுங்கள்.

நகரசபைத் தேர்தல் பற்றியும் பேச நினைத்தேன், நேரம் முடியப் போகிறது. சுருக்கமாக: ஒன்ராறியோவின் லண்டன் நகரம் 2018 இல் வரிசை முறையில் நகரசபையைத் தேர்ந்தெடுத்தது. 2020 இல் மாகாண அரசு அந்த வசதியையே நீக்கிவிட்டது. மாகாண வேட்பாளர் வந்தால், அதைத் திருப்பித் தருவீர்களா என்று கேளுங்கள். நன்றி, வணக்கம்.