பெற்றோலைக் குறைத்து விடச் சொல்லாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். மோட்டார் சைக்கிளின் காபரேட்டரை, அதாவது பெற்றோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்கு அனுப்புகிற உறுப்பை, பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். வானொலியில் படம் கீறிக் காட்ட முடியாது. ஆகவே உள்ளே எந்த ஓட்டை எதனோடு சேருகிறது என்ற கதைக்கெல்லாம் நான் போகவில்லை. நீங்கள் அன்றாடம் ஓடுகிற வண்டி, அதன் சத்தம், அதன் மணம், அது கேட்கிற பெற்றோல், இவ்வளவும் எனக்குப் போதும்.

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஜூன் கடைசியில் ஒரு லீற்றர் 470 ரூபாய். ஜூலையில் பெற்றோலைப் பங்கிட கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அந்த நாட்களில் என் கராஜுக்கு வந்த எல்லாருடைய வாயிலும் ஒரே வசனம்: "தம்பி, பெற்றோலைக் கொஞ்சம் குறைச்சு விடுங்க." 2023இல் அந்தக் கியூஆரை நிறுத்தினார்கள், வசனம் நிற்கவில்லை. அப்படிக் கேட்காதீர்கள் என்று சொல்லத்தான் நான் இன்றைக்கு வந்தேன்.

ஏன்? ஒரு கிராம் பெற்றோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று சற்றே கூடினால் சிக்கனம் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் 'சற்றே' மிகச் சிறியது. அதைத் தாண்டிக் குறைத்தால் இழுவை போய்விடும். இழுவை போனால் நீங்கள் என்ன செய்வீர்கள்? எக்சிலேட்டரை இன்னும் முறுக்குவீர்கள். காலையில் சோக் இல்லாமல், அதாவது காற்றை மறித்துப் பெற்றோலைக் கூட்டாமல், ஸ்டார்ட் வராது, சோக்கை இழுத்தபடியே சந்திவரை போவீர்கள். மிச்சம் பிடித்த பெற்றோல் அங்கேயே போய்விடும். இஞ்சின் சூடேறி, வால்வும் பிஸ்டனும் பழுதாகிற செலவு வேறு.

இன்னொன்று. குறைத்து விடுங்கள் என்றதும் கராஜில் திருகுகிற அந்தச் சின்ன ஸ்குரூ இருக்கிறதே, அது வண்டி ஓடாமல் இஞ்சின் மட்டும் சிலோவில் இயங்கும்போதும், எக்சிலேட்டரை இலேசாகத் திறக்கும்போதும்தான் வேலை செய்கிறது. நம் மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து கல்முனைக்கு நாற்பது ஐம்பதில் போகிறீர்கள் என்றால், பெற்றோலைத் தீர்மானிப்பது அந்த ஸ்குரூ இல்லை, எக்சிலேட்டரோடு சேர்ந்து ஏறி இறங்குகிற நீடில் என்ற ஊசி. எக்சிலேட்டர் கால்வாசிக்கும் முக்கால்வாசிக்கும் இடையில் இருக்கும்போது நீடிலின் ஆட்சிதான். மெயின் ஜெட், அதாவது பெற்றோல் வருகிற பெரிய துவாரமுள்ள பித்தளைத் துண்டு, கடைசியாக, முழுக்க முறுக்கும்போதுதான் முன்னுக்கு வருகிறது. நம் ஊர் வீதியில் எத்தனை பேர் முழுக்க முறுக்குகிறோம்? தோணா ஓடைக்குப் பக்கத்தில் மாடு படுத்திருக்கும்.

இந்த நீடிலைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து ஒரு மாமா தயிர் கொண்டுவந்து விற்பார். பின்னுக்குப் பெட்டி கட்டி, சட்டிகளை வைக்கோலுக்குள் இருத்தி, மண்முனைப் பாலத்தால் டவுனுக்கு வருவார். பழைய 125 ஹொண்டா. அவர் வாசலில் நிறுத்தினாலே கராஜுக்குள் பெற்றோல் மணக்கும். "மனே, இவன் கள்ளுக் குடிக்கிற மாதிரிக் குடிக்கிறான்" என்றார்.

அதற்கு முன் அவர் போகாத இடமில்லை. ஒருவர் எயார் பில்டரை மாற்றியிருந்தார். இன்னொருவர் மெயின் ஜெட்டைச் சின்னதாகப் போட்டிருந்தார். மூன்றாமவர் போர் அடித்து, அதாவது சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கி, பிஸ்டனும் ரிங்கும் புதிதாகப் போட்டு, பெரிய பில்லும் கொடுத்திருந்தார். பொறி கொடுக்கிற ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். இரண்டு நாளைக்கு முன் போட்ட பிளக்காம். கரிச்சட்டி அடி. சரியாக எரிகிற இஞ்சினில் பிளக்கின் மூக்கு பிஸ்கற் நிறத்தில் இருக்கும். வெள்ளையாக இருந்தால் பெற்றோல் போதவில்லை, காய்ந்த கரி படிந்திருந்தால் பெற்றோல் கூடிவிட்டது. இவருடையது எது என்று நான் சொல்லத் தேவையில்லை.

அப்புறம் காபரேட்டரின் மேல் மூடியைத் திறந்து நீடிலை வெளியே எடுத்தேன். வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் கோடு போட்டாற்போலப் பளபளக்கிறது. அது ஏறி இறங்குகிற பித்தளைத் துவாரத்தை, அதுதான் நீடில் ஜெட்டை, டோர்ச் அடித்துப் பார்த்தால் வட்டமாக இல்லை, நீள்வட்டம். வாவிக்கு மேற்கே படுவான்கரையின் கிரவல் வீதியில் வருடக்கணக்காகக் குலுங்கிக் குலுங்கி, நீடில் பித்தளையைத் தேய்த்துவிட்டது. அந்த இடைவெளியால் தேவைக்கு மேலே பெற்றோல் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. மெயின் ஜெட்டைச் சின்னதாக்கி என்ன பயன்? ஒழுக்கு அங்கே இல்லையே. நீடிலையும் நீடில் ஜெட்டையும் சோடியாக மாற்றி, மெயின் ஜெட்டைக் கொம்பனி அளவுக்கே திரும்பப் போட்டுக் கொடுத்தேன். பழைய நீடிலை விரலில் பிடித்துக் கனநேரம் பார்த்தார் மாமா. "இஞ்சினைக் கழற்றினானுகள், பூட்டினானுகள். இந்தக் கம்பிய ஒருத்தனும் பார்க்கல்லையே மனே" என்றார். அதற்குப் பிறகு தயிர்ச் சட்டிக்கு என்னிடம் காசு வாங்க மாட்டார். நான்தான் பெட்டிக்குள் வைத்துவிட்டு வருவேன்.

கம்பி என்றதும் ஞாபகம் வருகிறது. ஜெட் அடைத்தால் கம்பி போட்டுக் குத்துகிற பழக்கம். தயவுசெய்து வேண்டாம். ஜெட் பித்தளை, கம்பி இரும்பு. பல ஜெட்டுகளின் இலக்கம் துவாரத்தின் விட்டத்தைக் குறிக்கிறது, மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்குக் கணக்கில். அப்படிப்பட்ட 95ஆம் இலக்க ஜெட்டைக் குத்திக் குத்தி 100 ஆக்கிவிட்டால், துவாரத்தின் பரப்பு ஏறத்தாழ 11 வீதம் கூடிவிடும். கண்ணுக்குத் தெரியாது, பெற்றோல் செட்டில்தான் தெரியும். கழுவிக் காற்று அடியுங்கள். அதற்கும் போகாவிட்டால் மீன்பிடிக்கிற தங்கூசியில் ஒரு துண்டு எடுத்துக் கொள்ளுங்கள். நம் ஊரில் அதற்கா பஞ்சம்?

இந்தக் காலத்திலும் காபரேட்டரா என்று சில இளைஞர்கள் சிரிக்கலாம். இந்தியாவில் 2020 ஏப்ரலில் புகைச் சட்டம் இறுகி, புது வண்டிகள் காபரேட்டரை விட்டு, பெற்றோலைப் பீச்சுகிற இஞ்செக்ஷனுக்கு மாறின. இங்கே அதற்கு முந்திய மாதமே வாகன இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள். பிறகு பல வருடம் புது வண்டி வரவில்லை. ஆகவே காபரேட்டர் வண்டிகளை இன்னும் நிறையப் பேர் வைத்துப் பார்க்கிறோம்.

சரி, வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது. முதலில் அளந்து பாருங்கள். டாங்கை வாய்வரை நிரப்பி மீற்றரைக் குறித்துக்கொள்ளுங்கள். வழமைபோல ஓடி, அதே செட்டில் அதே அளவுக்குத் திரும்ப நிரப்புங்கள். ஓடிய கிலோமீற்றரை இரண்டாம் தரம் அடித்த லீற்றரால் பிரித்தால் கணக்கு வந்துவிடும். அளக்காமல் காபரேட்டரில் கை வைக்காதீர்கள். பிரேக் பிடித்தபடி இருந்தாலும், ரயரில் காற்றுக் குறைந்தாலும், செயின் இறுகியிருந்தாலும் பழி காபரேட்டரில்தான் விழும். சில்லைக் கையால் சுற்றிப் பாருங்கள், இலேசாகச் சுற்ற வேண்டும்.

எயார் பில்டர். நெல் வெட்டுக் காலத்தில் வயல் வீதித் தூசி ஒரு மாதத்தில் அடைத்துவிடும். அடைத்தால் காற்றுக் குறையும், கரி கூடும். இரவில் பெற்றோல் டப்பைப் பூட்டுங்கள். காபரேட்டருக்குள் பெற்றோல் நிரம்பியதும் வழியை அடைக்கிற புளோட்டின் ஊசி (இது அந்த நீடில் இல்லை) கசிந்தால் காலையில் வண்டிக்குக் கீழே நிலம் மணக்கும். மாரியில் தண்ணீர் டாங்குக்குள் போனால் காபரேட்டரின் அடிக்கோப்பையில் போய்த் தங்கும். அடியில் உள்ள ஸ்குரூவைத் தளர்த்தி வடித்துவிடலாம், ஆனால் சூடான சைலன்சர் பக்கத்தில் வேண்டாம். போத்தலில் மாதக்கணக்காகக் கிடந்த பெற்றோலையும் ஊற்ற வேண்டாம், அது காய்ந்தால் பிசினாகி முதலில் சிலோவுக்குப் பெற்றோல் கொடுக்கிற சின்னச் சிலோ ஜெட்டைத்தான் அடைக்கும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். இரண்டு காபரேட்டர் உள்ள வண்டிகளைப் பற்றித்தான் கடைசியில் விரிவாகப் பேச இருந்தேன். இப்போது சுருக்கமாக: ஒன்று முந்தி, ஒன்று பிந்தித் திறந்தால் ஒரு சிலிண்டர் மற்றதைச் சுமக்கும். இரண்டு கேபிளும் ஒரே நேரத்தில் இழுக்கின்றனவா என்று பாருங்கள். தனித்தனி சைலன்சர் என்றால் சற்றுத் தள்ளிக் கையை நீட்டிப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஒரே அளவு காற்று வர வேண்டும். மிச்சத்துக்கு, இரண்டு பக்க உறிஞ்சலையும் அளக்கிற வெக்யூம் கேஜ் உள்ள கராஜைத் தேடிப் போங்கள். நன்றி, வணக்கம்.