ட்ரெட்மில் வாங்கும் முன் பின்பக்க ஸ்டிக்கரைப் படியுங்கள்: வீட்டு கார்டியோ மெஷின்களில் எந்த எண் எதைச் சொல்கிறது?

[காட்சி: ட்ரெட்மில்லின் மோட்டார் மூடி. அதன் மேல் பளபளக்கும் '4 எச்பி' ஸ்டிக்கர்.]

வணக்கம். விடியற்காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிற கூட்டத்தைப் பார்த்தால், மதுரையில் யாருக்கும் மெஷினே தேவையில்லை என்று தோன்றும். ஆனால் சித்திரை வெயில் ஏறினதும், மூட்டு வலிக்காரர்கள், வெளியே போய் நடக்க நேரம் கிடைக்காதவர்கள் என்று ஒவ்வொருவராகக் கடைப்பக்கம் வருவார்கள். அங்கே காதில் விழுகிற வார்த்தைகள்தான் இன்றைக்கு விஷயம்.

கடையில் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்.

"அண்ணே, இது நாலு எச்பி மோட்டார். வீட்ல மூணு பேரு மாத்தி மாத்தி ஓடுனாலும் தாங்கும்."

"விடாம ஓடுனா எத்தனை எச்பி தம்பி?"

"அது கேட்டலாக்ல போட்டிருக்கும்ணே."

போட்டிருக்கும்தான், சின்ன எழுத்தில். மூடி மேல் இருக்கிற 4 எச்பி என்பது பீக் எச்பி. மோட்டார் ஒரு நொடி எட்டிப் பிடிக்கிற உச்சம் அது. அரை மணி, ஒரு மணி நேரம் சூடு மீறாமல் எவ்வளவு இழுக்கும் என்பதைச் சொல்வது கன்டினியூவஸ் எச்பி. சுருக்கமாக சிஎச்பி. பல மெஷின்களில் பீக் கணக்கில் பாதிதான் இது இருக்கும்.

இதை நீங்களே சரிபார்க்கலாம்.

[திரையில்: 1 எச்பி = 746 வாட். 4 எச்பி = சுமார் 3,000 வாட். 6 ஆம்பியர் பிளக்: 230 × 6 = 1,380 வாட்.]

ஒரு எச்பிக்கு 746 வாட். அப்படியானால் 4 எச்பிக்குக் கிட்டத்தட்ட 3,000 வாட் வேண்டும். மிக்ஸி போடுகிற 6 ஆம்பியர் பிளக் கொடுப்பதோ 1,380 வாட். அந்தப் பிளக்கில் ஓடுகிற மெஷின் விடாமல் 4 எச்பி தர வழியே இல்லை. உள்ளே போகிற மின்சாரத்தைவிட வெளியே வருகிற சக்தி கூடுதலாக இருக்காது. அதனால் ஸ்டிக்கரில் 'இன்புட்' என்று எத்தனை வாட் போட்டிருக்கிறது என்று பாருங்கள். 1,500 வாட் என்று இருந்தால், விடாமல் 2 எச்பிக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். நடக்க மட்டும் என்றால் ஒன்றரையிலிருந்து இரண்டு சிஎச்பி போதும். தினமும் ஓடுகிறவர் இரண்டரைக்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது. 4 எச்பி என்ற எழுத்துக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பிளக் என்றதும் இன்னொன்று. ட்ரெட்மில்லுக்கு ஏசிக்குப் போடுகிற மாதிரி 16 ஆம்பியர் பவர் பிளக்கும் நல்ல எர்த்தும் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். வீட்டு இன்வெர்ட்டரிலும் ஓட்ட வேண்டாம். அது ஃபேனுக்கும் லைட்டுக்கும் ஆனது. கரண்ட் பில் பற்றிய பயம் வேண்டியதில்லை. நடக்கும்போது அரை கிலோவாட் இழுக்கிறது என்று வைத்து, தினம் அரை மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் 15 யூனிட்தான் வரும்.

[காட்சி: மெஷினின் பின்பக்கம், தரையோடு ஒட்டிய வெள்ளி நிற ஸ்டிக்கர். கேமரா நெருங்குகிறது.]

இப்போது குனிந்து இதைப் பாருங்கள். தயாரித்த மாதம், வோல்ட், வாட், தாங்கும் எடை. கூடவே 'எச்சி' (HC) மாதிரி இரண்டு ஆங்கில எழுத்து இருக்கலாம். ஐரோப்பாவின் ஈஎன் 957, அதற்குப் பின் வந்த ஐஎஸ்ஓ 20957 என்ற தரநிலைகளில் வருகிற வகுப்பு இது. முதல் எழுத்து எச் என்றால் வீட்டுக்கு, எஸ் என்றால் ஜிம்முக்கு. இரண்டாவது எழுத்து எண்களின் துல்லியத்தைச் சொல்கிறது. ஏ உயர்வு, பி நடுத்தரம், சி குறைவு. 'எச்சி' என்று போட்டிருந்தால், டிஸ்ப்ளேயில் வரும் கணக்கை ரொம்ப நம்பாதே என்று மெஷினே ஒத்துக்கொள்கிறது. இந்த எழுத்து எல்லா மெஷினிலும் இருக்காது. இருந்தால் அதன் அர்த்தம் இதுதான்.

தாங்கும் எடையில் 15, 20 கிலோ இடைவெளி விடுங்கள். 90 கிலோ ஆளுக்கு 'அதிகபட்சம் 100' போதாது. ஓடும்போது கால் விழுகிற அடி உடம்பு எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு.

பெல்ட்டின் அகலமும் நீளமும் எச்பியைவிட முக்கியம் என்பேன். 40 செ.மீ. அகலம், 110 செ.மீ. நீளம் நடக்கிறவருக்குப் போதும். ஓடும்போது கால் எட்டிப்போகும். 45க்கு 125 குறைந்தபட்சம். ஐந்தே முக்கால் அடிக்கு மேல் இருக்கிறவர் 50க்கு 140 பார்க்கலாம். டேப் கொண்டுபோய் பெல்ட்டை மட்டும் அளந்து பாருங்கள். ஓரத்தில் கால் வைக்கிற பட்டையையும் சேர்த்துச் சொல்கிற விற்பனையாளர்கள் உண்டு.

வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர் வரை போகும் என்பார்கள். உங்கள் வேகம் என்ன? தெப்பக்குளம் சுமார் 1000 அடிக்கு 950 அடி. ஒரு சுற்று ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர்.

[திரையில்: ஒரு சுற்றுக்கு 18 நிமிடம் = மணிக்கு 4 கி.மீ. 12 நிமிடம் = மணிக்கு 6 கி.மீ.]

ஒரு நாள் நடந்து பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். 16 எதற்கு என்று நீங்களே கேட்பீர்கள்.

அதைவிட உபயோகமானது இன்க்ளைன், அதாவது பெல்ட்டின் சரிவு. 5 சதவீதம் என்றால் 100 மீட்டர் நடந்தால் 5 மீட்டர் ஏறியிருப்பீர்கள். ஆனால் '15 லெவல் இன்க்ளைன்' என்றால் 15 சதவீதம் என்று அர்த்தமில்லை. லெவல் என்பது பட்டனின் படிதான். கடைசி லெவல் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். மேனுவல் இன்க்ளைன் என்றால் இறங்கி, மெஷினின் காலை மாற்றி மாட்ட வேண்டும். வாங்கின வாரத்துக்குப் பிறகு யாரும் அதைத் தொடுவதில்லை. சரிவு செய்கிற வேலையைப் பாருங்கள். 60 கிலோ ஆள், மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் சமதளத்தில் நடந்தால் சுமார் 100 கலோரி. அதே வேகத்தில் 5 சதவீதம் ஏற்றினால் சுமார் 165. முழங்காலில் தொந்தரவு உள்ளவர்கள் ஓடாமலேயே மூச்சு வாங்க இது ஒரு வழி. அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்சோலைக்கு நடந்து ஏறினவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

அந்த 100 கலோரியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலே அரை மணி நேரத்தில் 30 போயிருக்கும். நடந்ததால் கூடுதலாகச் செலவானது 70தான். உங்கள் எடையைக் கேட்காத மெஷின் ஏதோ ஒரு எடையை மனதில் வைத்துக் கணக்குப் போடுகிறது. கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நடந்தாலும் அதே எண்ணைத்தான் காட்டும்.

இதயத் துடிப்பு? கைப்பிடியில் இருக்கிற உலோகத் தகடு, கை ஆடாமல் பிடித்தால்தான் ஓரளவு சரியாகச் சொல்லும். மார்பில் கட்டுகிற பட்டை அதைவிட நம்பகமானது. 220லிருந்து வயதைக் கழிப்பது ஒரு தோராயக் கணக்கு. 45 வயதுக்கு 175. அதில் 50 முதல் 70 சதவீதம், அதாவது 88 முதல் 122 வரை, மிதமான பயிற்சி. சில பிரஷர் மாத்திரைகள் துடிப்பைக் குறைத்துவிடும். அப்போது இந்தக் கணக்கு பொருந்தாது, டாக்டரைக் கேளுங்கள். பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் நீங்கள் மிதமான பயிற்சியில் இருக்கிறீர்கள். இதற்கு சென்சார் வேண்டாம்.

[காட்சி: சிவப்பு நிற சேஃப்டி கீ. கயிறு, நுனியில் கிளிப்.]

இந்தச் சிவப்புத் துண்டுதான் சேஃப்டி கீ. ஒரு முனை மெஷினில் காந்தத்தால் ஒட்டும். மறுமுனைக் கிளிப்பைச் சட்டையில் மாட்ட வேண்டும். தடுமாறி விழுந்தால் கயிறு இழுபடும், மெஷின் நிற்கும். பலபேர் வீட்டில் கிளிப் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். நடந்து முடித்ததும் கீயை எடுத்து அலமாரியில் வையுங்கள். குழந்தைகள் இருக்கிற வீட்டில் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

பெல்ட் ஓரத்தைத் தூக்கி, கையை உள்ளே விட்டு அடிப்பாகத்தைத் தடவிப் பாருங்கள். லேசாக எண்ணெய்ப் பிசுபிசுப்பு இருந்தால் சரி. காய்ந்திருந்தால் பெல்ட் உரசும், மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும், கடைசியில் மோட்டாரைக் கட்டுப்படுத்துகிற கன்ட்ரோலர் போர்டு அடிவாங்கும். சிலிக்கோன் ஆயில் மட்டும் போடுங்கள். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதுவும் வேண்டாம்.

சரி, சைக்கிளுக்கு வருவோம். இங்கே பெரிய எழுத்தில் இருப்பது ஃப்ளைவீல் எடை. கால் மிதித்து ஓட்டுகிற தையல் மெஷினில், மிதி மேலும் கீழும் வந்தாலும் சக்கரம் ஒரே சீராகச் சுழலும் அல்லவா, அந்த வேலைதான் இதற்கும். பெடல் உச்சியிலும் அடியிலும் வரும்போது திக்கித் திக்கிப் போகாமல் இழுத்துச் செல்கிறது. கனமாக இருந்தால் சீராக ஓடும் என்பது பொதுவாக உண்மை. ஆனால் 6 கிலோ ஃப்ளைவீல் உள்ள நல்ல மேக்னடிக் சைக்கிள், 15 கிலோ போட்ட மட்டமான சைக்கிளைவிடச் சுகமாக இருக்கலாம். மிதித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். மேக்னடிக் ரெசிஸ்டன்ஸ் என்றால் காந்தத்தால் பெடலைக் கனக்க வைப்பது. காந்தம் சக்கரத்தைத் தொடாது. சத்தமில்லை, தேய்மானமில்லை. ஃப்ரிக்ஷன் என்றால் ஒரு பட்டை உரசும், கொஞ்ச நாளில் மாற்ற வேண்டும். ஏர் பைக்கில் சக்கரத்துக்குப் பதில் விசிறி. வேகமாக மிதிக்க மிதிக்க அதுவே கனக்கும். சத்தம் போடும், காற்றும் வரும். மே மாதத்தில் அது ஒரு வசதி.

ஸ்பின் பைக் வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலானவற்றில் சக்கரம் பெடலோடு பூட்டியிருக்கும். நீங்கள் நிறுத்தினாலும் அது காலைச் சுற்றிக்கொண்டே போகும். முன்னால் இருக்கும் குமிழை அழுத்தினால்தான் பிரேக். முதுகு வலி உள்ளவர்களுக்கு ரிகம்பன்ட் வகை, அதாவது சாய்ந்து உட்கார்ந்து மிதிப்பது.

கிராஸ் ட்ரெய்னர், அதாவது நின்றபடி கையையும் காலையும் முன்னும் பின்னும் அசைக்கிற மெஷின். அதில் கேட்க வேண்டிய கேள்வி ஸ்ட்ரைட் லெங்த். கால் முன்னும் பின்னும் போகிற தூரம். 14 அங்குலத்துக்குக் குறைந்தால் நடப்பது மாதிரி இருக்காது, படி மிதிப்பது மாதிரி இருக்கும். சராசரி உயரத்துக்கு 16, உயரமானவர்களுக்கு 18 முதல் 20. மிதி மேலே வரும்போது தலையும் மேலே போகும். பரணுக்குக் கீழே போட்டுவிடாதீர்கள்.

துடுப்பு போடுகிற மாதிரி இழுக்கிற ரோயிங் மெஷின் நம் பக்கம் இன்னும் அபூர்வம். விசிறி வைத்த வகையில் இருக்கிற டேம்பர் பிடியைப் பத்தில் வைத்துவிட்டு, கடினமான பயிற்சி என்று நினைப்பார்கள். அது விசிறிக்குள் போகிற காற்றின் அளவை மட்டும் மாற்றுகிறது. பலம் நீங்கள் இழுப்பதில்தான் இருக்கிறது.

[காட்சி: வாரன்டி கார்டு. கேமரா கடைசி வரிகளை நெருங்குகிறது.]

பில் போடும் முன் வாரன்டி கார்டை வாங்கிப் படியுங்கள். மோட்டாருக்கு இத்தனை வருடம் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கன்ட்ரோலர் போர்டு, டிஸ்ப்ளே, பெல்ட் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் ஒரு வருடம்தான். முதலில் போகிறதும் அவைதான். "போர்டு போனா மதுரையிலேயே மாத்தித் தருவீங்களா, வீட்டுக்கு வருவீங்களா, இல்ல மெஷின நாங்க சென்னைக்கு அனுப்பணுமா?" என்று கேளுங்கள். பதிலைப் பில்லின் பின்பக்கம் எழுதி, கடை முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.